விஸ்கான்சினில் மான் வேட்டைக்குத் துணையாக உட்காரப் போகிறேன், என்ன உடுப்பு எடுத்துப் போவது?

செக்காலை ரோடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகளும் மாப்பிள்ளையும் விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்குப் பக்கம் இருக்கிறார்கள். அக்டோபர் கடைசியில் நானும் வீட்டிலும் அங்கே போகிறோம், பொங்கலுக்குள் திரும்பிவிடுவோம். மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் அமெரிக்கர் ஒருவருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் காடு இருக்கிறதாம். நவம்பர் கடைசியில் அங்கே துப்பாக்கி மான் வேட்டை சீசன், மாப்பிள்ளையும் லைசென்ஸ் எடுத்து அவர்களோடு போகிறார். இந்தத் தடவை "மாமா, நீங்களும் வாங்க, சும்மா கூட உட்கார்ந்து பாருங்க" என்று கூப்பிடுகிறார். சுடுவதற்கு நான் போகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடியும்போது மான் வருவதைப் பார்க்க ஒரு ஆசை, அவ்வளவுதான்.

பிரச்சினை குளிர். மார்கழியில் 20 டிகிரி இருந்தாலே மஃப்ளரைத் தேடுகிற ஆள் நான். அங்கே அந்த வாரம் காலையில் மைனஸ் 5, மைனஸ் 10 எல்லாம் சர்வசாதாரணமாம். இருட்டிலேயே போய் உட்கார்ந்தால் பத்து, பதினொரு மணி வரைக்கும் அசையக் கூடாது என்கிறார்கள். வண்டியை நிறுத்தும் இடத்திலிருந்து முக்கால் கிலோமீட்டர் நடை வேறு.

கையில் இருப்பது: ஊட்டியில் வாங்கிய கம்பளி ஸ்வெட்டர் இரண்டு (பீரோவில் அந்துருண்டை போட்டுப் பத்திரமாக இருக்கிறது), ஒரு குரங்குக் குல்லா, பருத்தித் தெர்மல் ஒரு செட், ஸ்போர்ட்ஸ் ஷூ. "ஒண்ணும் வாங்காதீங்க அப்பச்சி, இங்கே பார்த்துக்கலாம்" என்கிறாள் மகள். டாலரைப் பெருக்கிப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. எதை இங்கே வாங்குவது, எதை அங்கே வாங்குவது? மேலுக்கு மேல் எத்தனை போட வேண்டும்? வயது 61. சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது.


கோட்டையூரான் எழுதியது:

இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு அண்ணே. நல்ல டவுன் ஜாக்கெட், வாத்து இறகு அடைத்தது, ஒன்று வாங்குங்கள், காசைப் பார்க்காதீர்கள். மணாலியில் டிசம்பர் மாதம் அது ஒன்றை வைத்தே சமாளித்தேன், உள்ளே சாதா டீ ஷர்ட்தான். மடித்தால் தலையணை உறைக்குள் அடங்கிவிடும், லக்கேஜ் எடையும் மிச்சம்.


ரிட்டயர்டு ஹவில்தார் எழுதியது:

கோட்டையூர்த் தம்பி, டவுன் ஜாக்கெட் தப்பான பொருள் இல்லை. ஆனால் மணாலியில் நீங்கள் நடந்துகொண்டே இருந்திருப்பீர்கள், கடை கடையாக ஏறி இறங்கியிருப்பீர்கள், பசித்தால் ஒரு தாபாவுக்குள் நுழைந்திருப்பீர்கள். நடக்கிறவன் உடம்பு எரிகிற அடுப்பு. அண்ணன் கேட்பது மூன்று, நான்கு மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்காருகிற குளிர், அது வேறு கணக்கு. லடாக் பக்கம் ராத்திரி சென்ட்ரி நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள், ரோந்து போகிறவன் நடுங்க மாட்டான், நின்ற இடத்தில் நிற்கிறவன்தான் நடுங்குவான்.

அண்ணே, உங்களுக்கு வில்லங்கம் அந்த முக்கால் கிலோமீட்டர் நடையில் இருக்கிறது. புது ஆள் எல்லோரும் செய்வது, வீட்டிலேயே இருக்கிறதை எல்லாம் மாட்டிக்கொண்டு கிளம்புவது. பனியில் கனமான பூட்ஸோடு நடந்தால் பத்து நிமிஷத்தில் முதுகு நனைந்துவிடும், நமக்கு அது தெரியாது, கதகதப்பாக இருக்கிறதே என்று சந்தோஷமாக நடப்போம். போய் உட்கார்ந்து அரை மணி ஆனதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்ச ஆரம்பிக்கும், அதற்கு மேல் என்ன போர்த்தினாலும் நடுக்கம் நிற்காது. அதனால் நடக்கும்போது தெர்மலும் மெல்லிய ஃப்ளீஸும் (மெத்தென்ற பாலியஸ்டர் மேலுடுப்பு) மட்டும் போதும், கழுத்து ஜிப்பைத் திறந்துவிடுங்கள், குல்லாவைக் கழற்றிப் பையில் வையுங்கள். கொஞ்சம் குளிரும், குளிரட்டும். தடித்த ஜெர்கினை முதுகுப் பையில் கட்டிச் சுமந்து போங்கள். மெதுவாக நடங்கள். இடத்துக்குப் போனதும் மூச்சு அடங்கும் வரை நின்று, முதுகில் கை வைத்துப் பாருங்கள், ஈரமாக இருந்தால் உள்ளே போட்டதை மாற்றுங்கள் (மாற்றுக்கு ஒன்று பையில் இருக்கட்டும்), அப்புறம் ஜெர்கினை மாட்டுங்கள். நடுக்கம் வந்த பிறகு மாட்டுவது வீண், அதற்கு முன்னாலேயே மாட்ட வேண்டும்.

பருத்தித் தெர்மலை காரைக்குடியிலேயே விட்டுவிட்டுப் போங்கள். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியை அடிக்க ஆள் கிடையாது, கண்டாங்கி கட்டிய ஆச்சிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். வியர்வையை இழுத்து வைத்துக்கொண்டு மெதுவாகக் காய்வதால்தான் அது உடம்பைக் குளிர வைக்கிறது, அதே வேலையை அங்கேயும் பார்க்கும். பனியன், ஜட்டி, சாக்ஸ் எதுவும் பருத்தி வேண்டாம், ஜீன்ஸ் பேன்ட்டும் பருத்திதான், அதுவும் வேண்டாம். உடம்போடு ஒட்டியிருப்பது மெரினோ கம்பளி இல்லாவிட்டால் பாலியஸ்டர் தெர்மல். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை இழுத்தாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, நனைந்தாலும் சூடு மொத்தமாகப் போய்விடாது. மெரினோ இழை மெல்லிசு என்பதால் அரிப்பும் குறைவு. பாலியஸ்டர் விலை குறைவு, சீக்கிரம் காயும், ஆனால் ஒரு நாள் போட்டால் நாறும்.

எத்தனை போட வேண்டும் என்று எண்ணாதீர்கள். துணி சூடு தராது, துணிக்கு நடுவில் அடைபட்டிருக்கிற காற்றுதான் சூட்டைக் காக்கும். இறுக்கமாக ஐந்து போடுவதைவிடத் தளர்வாக மூன்று போடுவது மேல். மேலே போடுவது காற்றைத் தடுக்க வேண்டும், மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20.

கைக்கு ஐந்து விரல் கிளவுஸைவிட விரல்கள் ஒன்றாக இருக்கும் மிட்டன் நல்லது, உள்ளே மெல்லிய கிளவுஸ் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். உட்கார ஒரு தடித்த ஃபோம் அட்டை எடுத்துப் போங்கள், பலகையோ இரும்போ நேராக இடுப்பில் பட்டால் எந்த ஜெர்கினும் காப்பாற்றாது. காலுக்கு அடியிலும் ஒரு துண்டு போடலாம். அப்புறம், அங்கே யாராவது "ஒரு பெக் போடுங்கள், சூடாக இருக்கும்" என்பார்கள். தோலுக்கு ரத்தம் அதிகம் ஓடுவதால் சூடான மாதிரி தெரியும், உடம்புக்குள் இருக்கிற சூடு அந்த வழியாகத்தான் வெளியே போகும். துப்பாக்கி இருக்கிற இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.


பள்ளத்தூர் ஆச்சி (மினசோட்டா) எழுதியது:

ஹவில்தார் அண்ணன் சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாம் சரி. நடக்கும்போது குல்லாவைக் கழற்றக் கூடாது. விஸ்கான்சினில் துப்பாக்கி மான் சீசனில் வேட்டைக்குப் போகிறவர்கள் இடுப்புக்கு மேலே போடும் வெளி உடுப்பில் பாதியாவது பளீர் ஆரஞ்சு, இல்லாவிட்டால் பளீர் பிங்க் நிறத்தில் இருக்க வேண்டும், தொப்பி போட்டால் அதிலும் பாதி. பிங்க்கை 2016-இல்தான் சேர்த்தார்கள். நீங்கள் சுடவில்லை, பார்க்கத்தான் போகிறீர்கள் என்றாலும் போட்டே ஆக வேண்டும், இருட்டில் மரத்துக்கு நடுவே அசைகிற உருவம் மனிதன் என்று தெரிய வேறு வழி கிடையாது. அதனால் நடக்க மெல்லிசாக ஒரு ஆரஞ்சுத் தொப்பி, உட்காரக் காது மூடும் தடித்த ஆரஞ்சுத் தொப்பி. உங்கள் குரங்குக் குல்லா உள்ளே இருக்கலாம், வெளியே அது தெரியக் கூடாது. ஜெர்கினைப் பிறகுதான் மாட்டப் போகிறீர்கள் என்பதால் ஆரஞ்சு வெஸ்ட்டை (கையில்லாத மேலங்கி) பெரிய சைஸில் வாங்கி, நடக்கும்போது ஃப்ளீஸ் மேலும் அப்புறம் ஜெர்கின் மேலும் போடுங்கள். மான் கண்ணுக்கு ஆரஞ்சு நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தெரியாது, நீலம்தான் நன்றாகத் தெரியும். ஜீன்ஸ் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் அது.

நான் இருப்பது விஸ்கான்சினுக்குப் பக்கத்து மாநிலம், எங்கள் வீட்டில் மகன் வேட்டைக்குப் போவான். நான் போனதில்லை, ஆனால் அவன் உடுப்பைத் துவைப்பதும் பூட்ஸைக் காய வைப்பதும் என் தலையில்தான், அதனால் சொல்கிறேன்.

முதலில் அந்த அந்துருண்டை. அண்ணே, மான் மூக்கு நாய் மூக்குக்குக் குறைந்ததில்லை. பீரோ வாசனையோடு நீங்கள் போய் உட்கார்ந்தால் காற்று போகிற பக்கம் ஒரு மான் வராது, மாப்பிள்ளையின் நண்பர் வாயால் சொல்ல மாட்டார், முகத்தில் தெரியும். ஊட்டி ஸ்வெட்டரை இப்போதே எடுத்து வளவில் நிழலில் கொடி கட்டி ஒரு வாரம் காற்றாட விடுங்கள், வெயிலில் போட்டால் கம்பளி விறைக்கும். மழை வந்தால் உள்ளே எடுத்துவிடுங்கள். இங்கே வந்து வாசனை இல்லாத சோப்பில் ஒரு தடவை அலசலாம், வேட்டைத் துணிக்கென்றே கடையில் விற்கிறார்கள். சாதா சோப்புத் தூளில் வெள்ளையைப் பளிச்சிட வைக்கும் சமாச்சாரம் சேர்ப்பார்கள், அது மான் கண்ணில் மினுக்கும். துணியை மெத்தென்று ஆக்கும் வாசனைத் திரவமும் வேண்டாம். துவைத்ததை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் கராஜில் வையுங்கள். சமையல்கட்டுப் பக்கம் தொங்கவிட்டீர்களோ போச்சு, நம் வீட்டில் கோழி வறுக்கிற வாசனை ஃப்ளீஸில் ஏறினால் நான்கு நாள் போகாது. அன்றைக்குக் காலையில் தலைக்கு எண்ணெய், ஜவ்வாது எதுவும் வேண்டாம். விபூதி பூசினால் பரவாயில்லை.

அடுத்தது சத்தம். கோட்டையூர்த் தம்பி சொல்கிற ஜாக்கெட்டின் மேல்துணி நைலான், கையைத் தூக்கினால் சரசரவென்று கேட்கும். பனிக்காட்டில் விடியற்காலையில் வேறு சத்தமே இருக்காது, அந்தச் சரசரப்பு ஊருக்கே கேட்கும். மேல்துணி ஃப்ளீஸ் அல்லது கம்பளியாக இருக்கட்டும். கடையில் ஒன்று செய்யுங்கள், கையை ஜாக்கெட்டுக்குள் விட்டு, முழங்கையை மடக்கிக் காதுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு தேய்ப்புத் தேய்த்துப் பாருங்கள். கேட்டால் வைத்துவிட்டு வாருங்கள். டவுன் ஏற்கெனவே இருக்கிறது என்றால் அதை உள்ளே போட்டு மேலே பெரிய ஃப்ளீஸ் போடலாம், நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நனைந்தால் இறகு கட்டிதட்டிச் சூடு போய்விடும்.

வாங்குவது பற்றி. தெர்மல், ஃப்ளீஸ், உள் கிளவுஸ், மஃப்ளருக்குப் பதில் கழுத்தில் மாட்டும் குழாய் மாதிரித் துணி இதெல்லாம் ஊரிலேயே வாங்கலாம். கோவை போனால் டெக்கத்லானில் பாருங்கள். குளிர்காலத்தில் கடை போடும் திபெத்தியர்களிடம் லூதியானா கம்பளி கிடைக்கும், லேபிளைப் பார்த்து வாங்குங்கள், கம்பளி என்று சொல்லி அக்ரிலிக் கொடுப்பார்கள். பூட்ஸ், வெளி ஜெர்கின், ஆரஞ்சு மூன்றையும் இங்கே வாங்குங்கள். உங்கள் ஊரில் கிடைக்கும் பூட்ஸ் டிரெக்கிங்குக்குச் செய்தது, உட்காருவதற்கு இல்லை. ஃப்ளீட் ஃபார்ம் மாதிரிக் கடைகளில் அக்டோபரிலேயே ஆரஞ்சாகக் குவித்திருப்பார்கள். அதற்கும் முன்னால் மாப்பிள்ளையின் நண்பரிடம் கேட்கச் சொல்லுங்கள், இந்தப் பக்கம் வேட்டைக்குப் போகிற வீடுகளில் கராஜில் பழைய ஆரஞ்சுக் கோட்டு ஒன்றாவது தொங்கும், கொடுக்கச் சந்தோஷப்படுவார்கள். பூட்ஸை மட்டும் கடன் வாங்காதீர்கள்.


கொள்ளுகுடிப்பட்டிப் பக்கம் எழுதியது:

உடுப்பு யோசனை நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்று, இதைப் படித்துவிட்டு இங்கே யாரும் டார்ச்சும் ஜெர்கினுமாக முயலுக்குக் கிளம்ப வேண்டாம். 1972 வனவிலங்குச் சட்டப்படி இப்போது இந்தியாவில் வேட்டை கிடையாது, வழக்கம், சடங்கு என்றாலும் கேஸ் கேஸ்தான். எங்கள் வேட்டங்குடிச் சரணாலயத்தில் பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி போடாத ஊர் நாங்கள், மானைச் சுடுவதைப் பார்க்க ஏழு கடல் தாண்டுவது எனக்குப் புரியவில்லை. போகிறவரைத் தடுக்கவும் இல்லை. பைனாகுலர் எடுத்துப் போங்கள் அண்ணே, அந்த மூன்று மணி நேரத்தில் பறவையும் வரும்.


பள்ளத்தூர் ஆச்சி (மினசோட்டா) எழுதியது:

தம்பி, உங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு கும்பிடு. இங்கே நிலைமை வேறு, ஓநாயும் பூமாவும் (இந்தப் பக்கத்துப் பெரிய காட்டுப்பூனை) குறைந்த இடத்தில் மான் பெருகி, ராத்திரியில் கார் ஓட்ட முடிவதில்லை, எத்தனை சுடலாம் என்று அரசாங்கமே அனுமதிச் சீட்டுப் போட்டுத்தான் கொடுக்கிறது. பிடிக்கிறதா இல்லையா என்பது அவரவர் மனசு.

மகள் உப்புக்கண்டம் போட ஆசைப்பட்டால் ஒன்று சொல்லுங்கள் அண்ணே: விஸ்கான்சின் மான்களில் மூளையைத் தாக்கும் ஒரு நோய் 2002-இல் கண்டுபிடித்ததிலிருந்து இருக்கிறது. அந்த மாநிலத்து வனத்துறை பரிசோதனை செய்து தருகிறது, முடிவு வந்த பிறகு சமைக்கட்டும். கொம்பைப் பெட்டியில் வைத்து எடுத்துவரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், சென்னை ஏர்போர்ட்டில் விளக்கம் சொல்லி மாளாது.


செக்காலை ரோடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஸ்வெட்டரை இன்றைக்கே வளவில் போட்டாயிற்று, வீட்டில் "எதுக்கு இப்ப?" என்று கேட்டதற்கு மானுக்காக என்றேன், ஒரு மாதிரிப் பார்த்தாள்.

இன்னும் இரண்டு சந்தேகம். பூட்ஸ் எப்படிப் பார்த்து வாங்குவது? இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் போடலாமா? அப்புறம் பாக்கெட்டில் பிரித்தால் தானே சூடாகும் பொட்டலம் விற்கிறார்களாமே, காலுக்கும் இருக்கிறதாம், சர்க்கரை இருக்கிறவன் வைக்கலாமா? மாப்பிள்ளை மரத்தின் மேல் ஏணி வைத்துக் கட்டிய பலகையில் உட்காருவாராம், நானும் ஏற வேண்டுமா என்பது வேறு கவலை.


ரிட்டயர்டு ஹவில்தார் எழுதியது:

ஆச்சி, தொப்பி விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. மெல்லிய தொப்பி போட்டே நடக்கட்டும்.

அண்ணே, மரத்தில் ஏற வேண்டாம். தடித்த உடுப்போடு, மிட்டன் போட்ட கையோடு, பனி படிந்த ஏணியில் 61 வயதில் ஏறுவது தேவையில்லாத வேலை. உடம்பு முழுக்க மாட்டும் பெல்ட் போட்டுத்தான் அங்கே ஏறுவார்கள், பெல்ட் போடாமல் விழுந்து முதுகை ஒடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. தரையில் கூடாரம் மாதிரி மறைப்பு இருக்கும், இல்லாவிட்டால் மரப்பெட்டி மாதிரிச் சின்ன அறை, அதில் உட்கார வையுங்கள் என்று மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். காற்றும் அடிக்காது.

பூட்ஸை சாயங்காலம் போய் வாங்குங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். போடப் போகிற சாக்ஸைக் கையோடு எடுத்துப் போய், போட்டுப் பார்த்து வாங்குங்கள். உள்ளே விரல் ஐந்தும் தாராளமாக ஆட வேண்டும், வழக்கமான சைஸைவிட ஒன்று கூட இருந்தால் நல்லது. மெல்லிய சாக்ஸ் ஒன்று, அதன் மேல் தடித்த கம்பளி ஒன்று, போதும். தடித்ததே இரண்டு போட்டால் பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் குறையும், காலும் இன்னும் சில்லிடும். பூட்ஸில் 400, 800, 1000 கிராம் என்று போட்டிருப்பது உள்ளே வைத்த பஞ்சின் கணக்கு. நடக்கிறவனுக்கு 400 போதும், உட்காருகிற உங்களுக்கு 800-க்குக் குறையாமல் பாருங்கள். உள்ளே கழற்றி எடுக்கிற கம்பளி உறை இருக்கும் பூட்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது, ராத்திரி உறையை உருவிக் காய வைக்கலாம்.


தேவகோட்டை நர்ஸ் எழுதியது:

சூடு பொட்டலம் பற்றி நான் சொல்கிறேன், ஐயா. உள்ளே இருப்பது இரும்புத் தூள், காற்றுப் பட்டால் துருப்பிடிக்கும், அந்த வேகத்தில் சூடு வரும். 50 டிகிரிக்கு மேல்கூடப் போகும். கையில் வைத்தால் சுடுகிறது என்று தெரிந்து எடுத்துவிடுவீர்கள், சட்டைப் பாக்கெட்டிலோ மிட்டனுக்குள் கிளவுஸ் மேலோ வைத்துக்கொள்ளலாம், வெறும் தோலில் வேண்டாம். காலில் வைக்காதீர்கள். சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கும், அது நமக்கே தெரியாது, வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றும்போதுதான் கொப்புளத்தைப் பார்ப்போம். அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆகும். கிளம்புவதற்கு முன்னால் உங்கள் டாக்டரிடம் பாத உணர்ச்சிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், மரத்துப்போகிறது என்று தெரிந்தால் அங்கே உட்காருகிற நேரத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். முதல் நாள் ராத்திரியும் திரும்பி வந்ததும் விரல் இடுக்கு, குதிகால் எல்லாம் வெளிச்சத்தில் பாருங்கள். புது பூட்ஸை முன்னாலேயே வீட்டுக்குள் போட்டுப் பழக்குங்கள்.

இன்னொன்று, நீங்கள் போடும் மாத்திரையைப் பொறுத்து சர்க்கரை இறங்கலாம். நடுக்கம், தடுமாற்றம் இரண்டும் குளிராலும் வரும், சர்க்கரை இறங்கினாலும் வரும், எது என்று தெரியாது. சாப்பிடாமல் போகாதீர்கள், உள் பாக்கெட்டில் மிட்டாய் வைத்திருங்கள், மாப்பிள்ளைக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியட்டும். சர்க்கரை பார்க்கும் மெஷினையும் உடம்போடு ஒட்டிய பாக்கெட்டில் வையுங்கள், சில்லிட்டுப் போனால் சரியாக வேலை செய்யாது. மான் விழுந்தால் இழுக்க ஆள் கூப்பிடுவார்கள், நீங்கள் கை கொடுக்க வேண்டாம். குளிரில் பாரம் இழுப்பது இதயத்துக்குப் பெரிய சுமை.


பள்ளத்தூர் ஆச்சி (மினசோட்டா) எழுதியது:

யாரும் கேட்காத ஒன்று. இத்தனையும் மாட்டிய பிறகு ஒன்றுக்குப் போவது எப்படி என்று வாங்கும்போதே யோசியுங்கள். தோளில் மாட்டும் பிப் பேன்ட் நல்ல சூடு, முதுகில் இடைவெளி விழாது, ஆனால் முன்பக்க ஜிப் கீழ் வரைக்கும் இறங்குகிறதா, இரண்டு பக்கமும் திறக்கிறதா என்று பாருங்கள். மேலே இருக்கும் ஜெர்கின் இடுப்போடு நின்றால் வசதி. சர்க்கரைக்காரர் என்பதால் தண்ணீரைக் குறைக்கச் சொல்ல மாட்டேன், காலையில் குடிக்கும் காபியை மட்டும் ஒரு டம்ளரோடு நிறுத்துங்கள். மிட்டனுக்கு மணிக்கட்டில் மாட்டும் கயிறு இருந்தால் வாங்குங்கள், இருட்டில் கீழே விழுந்தால் தேட வேண்டியிருக்காது.